ஒரே குழி, பதினேழு விடைகள்: நங்கூரத் தாங்குசுவர்களைக் கணக்கிடும் முறைகள்

பெர்லின் நகரத்து மணலில் ஒரு குழி வெட்ட வேண்டும். ஆழம் 16.8 மீட்டர். பக்கவாட்டு மண் சரியாமல் நிற்க, 80 சென்டிமீட்டர் தடிமனில் 32 மீட்டர் ஆழம் இறங்கும் கான்கிரீட் டயஃப்ரம் சுவர். அந்தச் சுவரைப் பின்னாலுள்ள நிலத்தோடு இழுத்துக் கட்ட மூன்று வரிசை நங்கூரங்கள். நிலத்தடி நீரோ தரையிலிருந்து 3 மீட்டரிலேயே நிற்கிறது. தோண்டி முடிக்கும்போது சுவர் எவ்வளவு நகர்ந்திருக்கும்?

ஜெர்மன் புவித்தொழில்நுட்பச் சங்கத்தின் பணிக்குழு ஒன்று இதை ஒப்பீட்டுச் சோதனையாக முன்வைத்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி நாடுகளின் பல்கலைக்கழகத் துறைகளும் ஆலோசனை நிறுவனங்களுமாக 17 தரப்புகள் கணக்குப் போட்டு அனுப்பின. குழியின் வடிவம், தோண்டும் வரிசை, நங்கூரங்களின் நீளம், அவற்றை முறுக்கேற்றும் விசை எல்லாம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தன. மண்ணின் ஆய்வகச் சோதனை முடிவுகளும் கையில் இருந்தன. அந்த மண் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினிக்குச் சொல்வது மட்டும் அவரவர் பொறுப்பு. கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹெல்முட் ஷ்வைகர் 2002-இல் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். சுவரின் உச்சி குழியை நோக்கி 229 மில்லிமீட்டர் சாயும் என்றது ஒரு விடை. இல்லை, 33 மில்லிமீட்டர் மண்ணை நோக்கிப் பின்வாங்கும் என்றது மறுகோடி விடை. மற்றவை இந்த இரண்டுக்கும் நடுவே சிதறிக் கிடந்தன.

இத்தனைக்கும் விடை அனுப்பியவர்கள் எல்லாரும் இதையே தொழிலாகக் கொண்டவர்கள். மென்பொருள்களிலும் குறையில்லை. இந்தச் சோதனை காட்டுவது வேறொன்று என்பது என் எண்ணம். நங்கூரச் சுவரைக் கணக்கிட ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் நாலைந்து முறைகள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை தேடிப் பிறந்தது. சுவர் கவிழுமா, சுவர் முறியுமா, நங்கூரம் பிடித்திருக்கும் மண்கட்டியே மொத்தமாக வழுக்கி வருமா, பக்கத்துக் கட்டடம் விரிசல் விடுமா என்று நான்கு கேள்விகளும் நான்கு விதம். ஒன்றுக்குப் பிறந்த முறையிடம் இன்னொன்றுக்கு விடை வாங்கினால், அது எண்ணைத் தரத்தான் செய்யும். அந்த எண்ணை நம்பலாமா என்பதை மட்டும் அது சொல்லாது.

நங்கூரத்தின் உடலமைப்பு

மண்ணுக்குள் சாய்வாக, வழக்கமாக 15 முதல் 30 பாகைக்குள், துளையிட்டு அதில் உயர்வலிமை எஃகு இழைக்கயிறுகளைச் செருகுகிறார்கள். துளையின் கடைக்கோடியில் சில மீட்டர் நீளத்துக்குச் சிமெண்ட் குழம்பை அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். இது பிடிப்பு நீளம். மண்ணைக் கவ்விக்கொள்ளும் பகுதி இது மட்டுமே. அதற்கும் சுவருக்கும் இடைப்பட்ட பகுதியில் எஃகு மண்ணில் ஒட்டாதபடி உறையிட்டு விடுகிறார்கள். இது தளர் நீளம். குழம்பு இறுகியதும் ஜாக்கியால் இழுத்து, சுவரின் முகப்பில் தட்டு வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

பாறையில் இந்த உத்தி 1934-இலேயே வந்துவிட்டது. அல்ஜீரியாவின் ஷெர்ஃபாஸ் அணையை வலுப்படுத்த, ஆண்ட்ரே குவான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அணையின் தலையிலிருந்து அடிப்பாறைவரை எஃகு நங்கூரங்களை இறக்கி இறுக்கினார். பாறையில்லாத தளர்ந்த மண்ணிலும் குழம்பு செலுத்திப் பிடிக்கவைக்கலாம் என்பது 1958-இல் மியூனிக்கில், பவேரிய வானொலியின் கட்டடத்துக்காகத் தோண்டிய குழியில் பவர் (Bauer) என்ற ஜெர்மன் கட்டுமான நிறுவனம் செய்து காட்டியபோதுதான் பரவத் தொடங்கியது. குழியின் குறுக்கே முட்டுக்கட்டைகள் இல்லாமல் வெட்டவெளியாக வேலை செய்ய முடிந்தது பெரிய விடுதலை. கூடவே ஒரு புதிய சிக்கலும் வந்தது. எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுக்கும்போது தாங்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். நங்கூரத்தில் அது மண்ணுக்குள், சரியக்கூடிய அதே நிலத்துக்குள் இருக்கிறது.

கையால் போடும் கணக்கு

மிகப் பழைய முறை சமநிலைக் கணக்கு. சுவர் சற்று முன்னே சாய்ந்தால் பின்னாலுள்ள மண் தளர்ந்து, தரக்கூடிய மிகக் குறைந்த அழுத்தத்துக்கு வந்துவிடும்; இது செயல்நிலை அழுத்தம். சுவரின் அடிப்பகுதி குழித் தரைக்குக் கீழேயுள்ள மண்ணை நெருக்கும்போது அந்த மண் தரக்கூடிய மிக அதிக எதிர்ப்பு எதிர்நிலை அழுத்தம். உராய்வுக் கோணம் 30 பாகையுள்ள மணலில், ராங்கின் 1857-இல் தந்த சூத்திரப்படி முதலாவதன் கெழு மூன்றில் ஒன்று, இரண்டாவதன் கெழு மூன்று. ஒன்பது மடங்கு வேறுபாடு. சுவர் நிற்பதே இந்த வேறுபாட்டை நம்பித்தான்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 6 மீட்டர் குழி, கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடையுள்ள உலர்ந்த மணல், உச்சியிலிருந்து 1 மீட்டர் கீழே ஒரே வரிசை நங்கூரம். நங்கூரப் புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன்களைச் சமன் செய்தால், சுவர் குழித்தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 மீட்டர் இறங்க வேண்டும் என்று வருகிறது. பின்னாலிருந்து தள்ளும் விசையில் முன்னாலுள்ள மண் தாங்குவது போக மிச்சம் நங்கூரத்துக்கு: சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 64 கிலோநியூட்டன். 2.5 மீட்டருக்கு ஒன்று வீதம் 20 பாகைச் சாய்வில் நங்கூரம் வைத்தால் ஒவ்வொன்றின் இழுவை 170 கிலோநியூட்டன். எதிர்நிலை அழுத்தத்தை 1.5-ஆல் வகுத்துப் பாதுகாப்பாகக் கணக்கிட்டால் இறக்கம் 3.2 மீட்டராகிறது, நங்கூர விசையோ 70-க்குத்தான் போகிறது. சுவரின் அடி மண்ணில் தாராளமாகச் சுழலலாம் என்று கொள்வதால் இதற்குச் சுதந்திர அடி முறை என்று பெயர். இன்னும் ஆழமாக இறக்கினால் அடி மண்ணில் இறுகிப் பதிந்துவிடும். அந்த நிலைக்கு ஏற்ற எளிய உத்தரக் கணக்கை 1931-இல் ப்ளூம் தந்தார்.

இதே கணக்கில் மணலை உலர்ந்ததாக வைக்காமல், சுவருக்குப் பின்னால் தரைமட்டம்வரை தண்ணீர் நிற்பதாக வைத்துப் பாருங்கள். குழித்தரைக்கு மேலே உலர் மணல் தந்த தள்ளுவிசை மீட்டருக்கு 108 கிலோநியூட்டன். தண்ணீர் வந்தால் மண்ணின் பங்கு ஏறக்குறைய 60-ஆகக் குறையும், ஆனால் நீர் மட்டுமே 180 தரும். கூட்டினால் இரு மடங்குக்கு மேல். உராய்வுக் கோணம் 30-ஆ 32-ஆ என்று மணிக்கணக்கில் விவாதிக்கும் கூட்டங்களில், மழைக்காலத்தில் நீர்மட்டம் எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காமல் போவதுண்டு. அந்த ஐந்து நிமிடம்தான் முதலில் வர வேண்டும்.

சமநிலைக் கணக்கின் எல்லை எங்கே? மண் முழுவதும் தோற்கும் நிலைக்கு வந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்கிறது. வழியில் என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரியாது. சுவர் வளையக்கூடியது என்பதும் அதற்குத் தெரியாது. 1952-இல் பி. டபிள்யூ. ரோவ் மாதிரிச் சுவர்களை வைத்துச் செய்த சோதனைகள் இந்த இடைவெளியைத் திறந்து காட்டின. இளகிய சுவர் நடுவில் வளைந்து கொடுக்கும்போது, அங்கே தள்ளிய மண் தன் பாரத்தை வளைவாக மேலுக்கும் கீழுக்கும் கைமாற்றிவிடுகிறது. நங்கூரப் புள்ளியில் அழுத்தம் கூடுகிறது, நடுவில் குறைகிறது. அதனால் சுவருக்குள் எழும் வளைப்புத் திருப்புத்திறன் சமநிலைக் கணக்கு சொல்வதைவிடக் குறைவு. சுவரின் உயரத்தின் நான்காம் அடுக்கை அதன் விறைப்பால் வகுத்து வரும் எண்ணை வைத்து எவ்வளவு குறைக்கலாம் என்று ரோவ் வரைபடங்கள் தந்தார். மண்ணும் சுவரும் சேர்ந்து பாரத்தைப் பங்கிடுகின்றன என்பதைப் பொறியாளர்கள் கணக்குத்தாளில் எழுதத் தொடங்கியது இங்கேதான்.

பல வரிசை நங்கூரங்கள் வந்தால் ராங்கினின் முக்கோண அழுத்தம் பொருந்துவதே இல்லை. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாகத் தோண்டி இறுக்கும்போது, மேல்பகுதி நகர இடமே கிடைப்பதில்லை. அங்கே அழுத்தம் தளராமல் நிற்கிறது. மண் இயக்கவியலின் முன்னோடிகளான டெர்சாகியும் பெக்கும் இதற்குக் கோட்பாட்டைத் தேடாமல் அளவீடுகளைத் தேடினார்கள். 1930-களில் பெர்லின் சுரங்க ரயில் குழிகளில் முட்டுக்கட்டைகளின் மேல் அளந்த விசைகள் அவர்களுக்குக் கிடைத்த முக்கியத் தரவுகளில் ஒன்று. அளந்த எல்லா விசைகளையும் உள்ளடக்கும் உறையாக மணலுக்கு ஒரு செவ்வக வரைபடம் வந்தது: செயல்நிலைக் கெழு, மண்ணின் எடை, ஆழம் மூன்றின் பெருக்கத்தில் 0.65 பங்கு, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக. மொத்தத்தில் ராங்கின் விசையைவிட 1.3 மடங்கு. நங்கூரச் சுவர் வடிவமைப்பின் முதல் கட்டத்தில் இன்றும் இதுதான் புழக்கத்தில் இருக்கிறது. எந்த ஒரு வரிசையும் சுமை தாங்காமல் தோற்றுவிடக்கூடாது என்பதற்கான மேல்வரம்பு இது. மண் எந்தக் கணத்திலும் இப்படித்தான் அழுத்தும் என்று இந்தச் செவ்வகம் சொல்லவில்லை. இதைச் சுவரின் மேல் ஏற்றி நகர்வைக் கணக்கிடுபவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

நங்கூரம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்

பந்தல் காலை இழுத்துக் கட்டும் கயிற்றின் முளையைக் காலுக்கு மிக அருகே அடித்தால், முளை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை. 1940-களில் எர்ன்ஸ்ட் கிரான்ஸ் எழுப்பிய கேள்வி இதுதான். சுவரின் அடியிலிருந்து பிடிப்பு நீளத்தின் நடுப்புள்ளிவரை ஒரு சரிவுத் தளத்தைக் கற்பனை செய்து, அதற்கு மேலுள்ள மண்கட்டி, சுவர், நங்கூரம் மூன்றும் சேர்ந்து அந்தத் தளத்தில் வழுக்குமா என்று பார்க்க வேண்டும். நங்கூரத்தின் விசையைச் சரியாகக் கணக்கிட்டு, எஃகும் குழம்பும் அதைத் தாங்கும் என்று உறுதி செய்தபிறகும் இந்தச் சோதனையில் தோற்கலாம். விசை போதும், நீளம் போதாது. நங்கூரத்தின் தளர் நீளத்தை இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது.

இன்னொரு தோல்வி வழியும் உண்டு. சாய்ந்த நங்கூரம் சுவரைக் கீழ்நோக்கியும் இழுக்கிறது. மேலே பார்த்த 170 கிலோநியூட்டன் நங்கூரம் சுவரைச் செங்குத்தாக 58 கிலோநியூட்டனால் அமுக்குகிறது. சாய்வை 45 பாகையாக்கினால் கிடைவிசைக்குச் சமமான விசை, 160 கிலோநியூட்டன், கீழே போகும். சுவரின் அடி இளகிய களிமண்ணில் நின்றால் சுவர் மூழ்கும். மூழ்கினால் நங்கூரம் தளரும். தளர்ந்தால் சுவர் முன்னே வரும். நங்கூரமிட்ட ஷீட்பைல் சுவர்கள் (எஃகுத் தகடுகளை மண்ணில் அடித்து இறக்கி அமைப்பவை) தோற்றதை ஆராய்ந்து ப்ரோம்ஸ், ஸ்டில் இருவரும் 1976-இல் எழுதிய கட்டுரை இதை அழுத்திச் சொன்னது. பக்கவாட்டு அழுத்தத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் செங்குத்து விசை எளிதில் தப்பிவிடும்.

ஸ்பிரிங்குகளும் கூறுகளும்

நகர்வு வேண்டும் என்றால் விறைப்பைக் கணக்கில் கொண்டுவர வேண்டும். 1867-இல் விங்க்ளர் தொடங்கிவைத்த எண்ணப்படி, சுவரை ஒரு உத்தரமாகவும் மண்ணைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்த ஸ்பிரிங்குகளாகவும் பாவிக்கலாம். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் செயல்நிலை அழுத்தத்துக்குக் கீழே போகாது, எதிர்நிலைக்கு மேலே ஏறாது. நங்கூரமும் ஒரு ஸ்பிரிங்தான்: 140 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள நான்கு இழைக்கயிறுகள், 10 மீட்டர் தளர் நீளம் என்றால் அதன் விறைப்பு மில்லிமீட்டருக்குச் சுமார் 11 கிலோநியூட்டன். தோண்டும் ஒவ்வொரு படியையும் வரிசையாகப் பின்தொடரலாம். நிமிடங்களில் விடை வரும். சுவரின் தடிமனையும் கம்பியையும் முடிவு செய்ய இந்த முறை பெரும்பாலும் போதும்.

ஆனால் இதில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது. ஸ்பிரிங்குகள் ஒன்றையொன்று அறியாதவை. நங்கூரத்தின் மறுமுனை அசையாத ஏதோ ஒரு புள்ளியில் கட்டப்பட்டதாகக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் குழியைத் தோண்டும்போது சுவருக்குப் பின்னாலுள்ள நிலம் முழுதும், நங்கூரங்களின் பிடிப்பு நீளங்களையும் சுமந்துகொண்டு, கொஞ்சம் முன்னே வருகிறது. ஆழமான, பல வரிசை நங்கூரச் சுவர்களில் நகர்வின் கணிசமான பங்கு இப்படி மொத்தமாக வருவதுதான். ஸ்பிரிங் கணக்குக்கு இது தெரியவே தெரியாது. பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளம் எவ்வளவு தாழும் என்றும் அதனிடம் கேட்க முடியாது.

அந்தக் கேள்விக்கு ஃபைனைட் எலிமென்ட் முறை வேண்டும். நிலத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தகைவும் திரிபும் எப்படி மாறுகின்றன என்று கணினி பார்க்கிறது. சுவர், நங்கூரம், நீர், பக்கத்துக் கட்டடம் எல்லாம் ஒரே கணக்குக்குள் வந்துவிடுகின்றன. பெர்லின் சோதனை நடந்தது இந்தத் தளத்தில்தான்.

அங்கே விடைகள் அப்படிச் சிதறியதற்குக் காரணம் மண்ணின் விறைப்பை விவரித்த விதம். மண்ணைப் புதிதாக அழுத்தும்போது அது காட்டும் விறைப்பைவிட, அழுத்தத்தை எடுத்து மீண்டும் ஏற்றும்போது காட்டும் விறைப்பு பல மடங்கு. மூன்று மடங்கு என்று கொள்வது வழக்கம். மிகச் சிறிய திரிபில் அது இன்னும் கூடும். குழி தோண்டுவது என்பதே பாரத்தை எடுப்பதுதான். குழியின் அடியிலுள்ள மண் பாரம் நீங்கி மேலெழும்புகிறது. இரண்டு நிலைகளுக்கும் ஒரே விறைப்பை வைக்கும் எளிய மோர்-கூலம் மாதிரியில் இந்த எழுச்சி மிகையாகி, சுவரையும் சேர்த்துத் தூக்கி, சுவரின் வடிவத்தையே மாற்றிவிடும். கணினியில் வரையும் நிலத்தை இன்னும் ஆழமாக வரைந்தால் எழுச்சி இன்னும் கூடும். அசல் நிலத்தில் ஆழம் போகப்போகத் திரிபு சிறிதாகி விறைப்பு ஏறிவிடுவதால் அப்படி நடப்பதில்லை. மண்ணை வளையத்துக்குள் அடைத்து மேலிருந்து அழுத்திப் பார்க்கும் ஈடோமீட்டர் சோதனையின் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் நிலம் இருப்பதைவிட மென்மையாகத் தெரியும். இந்தத் தேர்வுகள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமானவையாகவே தோன்றும். சேர்ந்தால் 229 மில்லிமீட்டர்.

விசைகள் இந்த அளவுக்குச் சிதறுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நங்கூரங்களின் மொத்த விசையைச் சமநிலை கட்டிப்போடுகிறது. நகர்வைக் கட்டிப்போட அப்படி எதுவும் இல்லை. ஒரு கணக்கில் நங்கூர விசை சரியாக வந்தது என்பதால் அதன் நகர்வும் சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது.

சிங்கப்பூர், 2004

தவறான தேர்வு உயிரை எடுத்த இடம் சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலை. 2004 ஏப்ரல் 20 பிற்பகலில், வட்டப்பாதை மெட்ரோ ரயிலுக்காக 30 மீட்டர்வரை தோண்டியிருந்த குழி சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அங்கே நங்கூரங்கள் இல்லை, எஃகு முட்டுகள்தான். இருந்தாலும் சுவரையும் மண்ணையும் கணக்கிட்ட முறை நங்கூரச் சுவர்களுக்கும் பொதுவானது என்பதால் இந்த நிகழ்வை விட்டுவிட முடியாது.

நிலம் இளகிய கடல் களிமண். தண்ணீர் வெளியேற நேரம் கிடைக்காதபடி வேகமாகத் தோண்டும்போது, அந்தக் களிமண் வெட்டு விசைக்கு உட்பட்டதும் அதன் நுண்துளை நீரழுத்தம் ஏறும், மண்துகள்கள் ஒன்றையொன்று நெருக்கும் விசை குறையும், வலிமையும் குறையும். வடிவமைப்பில் பயன்பட்ட, பிறகு ‘முறை ஏ’ என்று அறியப்பட்ட வழியில், வடிகால் நிலையின் (நீர் வெளியேற நேரம் கிடைக்கும் நிலையின்) வலிமை எண்களை மோர்-கூலம் மாதிரிக்குள் போட்டு, நீர் வெளியேற முடியாத வடிகாலற்ற நிலைக்குக் கணக்கிட்டார்கள். அந்த மாதிரிக்கு இந்த நீரழுத்த ஏற்றம் தெரியாது. ஆகவே களிமண் உண்மையில் இல்லாத வலிமையோடு கணினியில் நின்றது. சுவரின் வளைவும் அதற்குள் எழும் திருப்புத்திறனும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் கணிக்கப்பட்டன. முட்டுகளின் விசையில் வந்த வேறுபாடு அதைவிடச் சிறியது. வடிகாலற்ற வலிமையை நேராகக் கொடுக்கும் ‘முறை பி’ இருந்தது. அதைப் பயன்படுத்தியிருந்தால் சுவரின் குறை முன்பே தெரிந்திருக்கும். 2005-இல் அறிக்கை தந்த விசாரணைக் குழு இதையும், ஒன்பதாம் வரிசை முட்டுகள் சுவரோரத்து எஃகு உத்தரத்தோடு சேரும் இணைப்பு வலுக்குறைவாக வடிவமைக்கப்பட்டிருந்ததையும் இரண்டு முக்கியப் பிழைகளாகக் கண்டது.

சரிவதற்கு முன்பே சுவரின் நகர்வு எச்சரிக்கை வரம்புகளைத் தாண்டியிருந்தது. அப்போதெல்லாம் அளந்த நகர்வுக்கு ஏற்ப மறுகணிப்பு செய்து வரம்பை உயர்த்தினார்கள். முதல் கணிப்பின் பிழை எங்கே என்று தேடாமல் எண்களைப் பொருத்துவதற்காக மட்டும் செய்த மறுகணிப்பு அது. ரால்ஃப் பெக் 1969-இல் கண்காணிப்பு முறையை வகுத்துச் சொன்னபோது வைத்த நிபந்தனை இதற்கு நேர்மாறானது. மிக மோசமான நிலை எது, அப்போது அளவி என்ன காட்டும், காட்டினால் என்ன செய்வோம் என்பதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும் என்றார் அவர்.

கணக்குக்கு வெளியே சோதிப்பது

நங்கூரத்துக்கு ஒரு பெரும் நன்மை உண்டு: கட்டுமானத்தில் அதுபோல ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து ஏற்கும் உறுப்பு வேறு அரிது. அமெரிக்க வழக்கப்படி நிரந்தர நங்கூரத்தை வடிவமைப்பு விசையின் 1.33 மடங்குக்கு இழுத்துப் பிடித்து, முதல் நிமிடத்துக்கும் பத்தாம் நிமிடத்துக்கும் இடையே 1 மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறதா என்று பார்க்கிறார்கள். எஃகு எவ்வளவு நீண்டது என்பதிலிருந்து தளர் நீளம் உண்மையிலேயே தளர்வாக இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். குழம்பு முன்னே கசிந்து மண்ணில் ஒட்டியிருந்தால் நீட்சி குறைவாக வரும். அப்படி ஒட்டியது சோதனையில் பெரிய விசையைத் தாங்கக்கூடும். ஆனால் அது பிடித்திருப்பது சரியக்கூடிய மண்கட்டியையே.

இந்தச் சோதனை கட்டி முடித்த நாளுக்கு மட்டும்தான். தைவானில் 2010 ஏப்ரல் 25 அன்று மூன்றாம் எண் விரைவுச்சாலையில், நங்கூரமிட்ட மலைச்சரிவு ஒன்று பாறைப் படுகையின் சாய்விலேயே வழுக்கி இறங்கி நான்கு பேரைப் புதைத்தது. கொட்டும் மழை அப்போது இல்லை. நங்கூரங்கள் துருவேறியிருந்தது பின்னர் தெரிந்தது. எந்தக் கணிப்பு முறையிலும் நங்கூர விசை ஆண்டுகள் போனாலும் மாறாத எண்ணாகவே நிற்கிறது. அந்த எண் இன்னும் இருக்கிறதா என்று அறிய, தலைப்பகுதியை மீண்டும் ஜாக்கியால் பிடித்துத் தூக்கிப் பார்க்கும் சோதனையையும், சில நங்கூரங்களிலாவது நிலையான விசைமானியையும் வடிவமைப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். தலையைக் கான்கிரீட்டால் மூடிவிட்டால் பிறகு எட்ட முடியாது.

அளப்பதிலும் கவனம் வேண்டிய ஓர் இடம் உண்டு. சுவருக்குள் இறக்கும் இன்கிளினோமீட்டர் என்ற சாய்வுமானி தன் அடிமுனையிலிருந்து எவ்வளவு சாய்ந்தது என்பதைத்தான் காட்டுகிறது. அடி அசையாது என்று கொண்டே நகர்வைக் கூட்டுகிறோம். பெர்லின் போன்ற ஆழக் குழிகளில் சுவரின் அடியே சில மில்லிமீட்டர் முன்னே வரக்கூடும். அப்போது முழு வளைகோடும் அந்த அளவுக்குக் குறைவாகத் தெரியும். குழியின் தாக்கம் எட்டாத தொலைவில் நிலையான புள்ளி ஒன்றை வைத்து, சுவரின் உச்சியை டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் தனியாக அளந்து, இரண்டையும் ஒட்டிப் பார்த்தபிறகே அந்த வளைகோட்டைக் கணிப்போடு ஒப்பிட வேண்டும்.